நந்தன் கதை யாருக்கு?

ஜொகூர் பாருவின் டாங்கா பே கடலோரத்திலே, பெர்மைசூரி ஜாரித் சோபியாவின் பெயரைத் தாங்கிய ஒப்பரா ஹவுஸ் ஒன்று உண்டு. அவ்வழியே செல்லும் நம்மவரிற் பலர் அப்பெயரைப் படித்துவிட்டு, “ஒப்பராவாவது, நாமாவது! அது வெள்ளைக்காரர் சமாசாரம், படித்த கனவான்களின் பொழுதுபோக்கு” என்று எண்ணிக்கொண்டு போய்விடுவதை நாம் அறிவோம். அவ்வெண்ணம் சரிதானா? உயர்ந்த துன்ப நாடகம் சிலருக்கு மட்டும் உரியதா, எல்லார்க்கும் உரியதா? எல்லார்க்கும் உரியதெனின், அதை எல்லார்க்கும் கொண்டுசெல்வோர் அதில் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? இவ்வினாக்களை ஒரு தமிழ்க் கதையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒப்பரா என்பது யாது எனப் பார்ப்போம். வசனத்தைக் குறைத்து, அல்லது அடியோடு நீக்கி, கதை முழுவதையும் பாட்டாலும் வாத்தியத்தாலும் நடத்திச் செல்லும் நாடகமே ஒப்பரா. 1600-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலி தேசத்தில் பிறந்த இக்கலையில், இன்றளவும் பெயர் பெற்று நிற்பவற்றுட் பல அழுகையில் முடிபவை. வெர்தி என்பார் இயற்றிய ‘லா டிராவியாட்டா’ 1853-இல் வெனிஸ் நகரில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. காதலனுடைய குடும்ப மானத்துக்காக அவனை விட்டு விலகி, காசநோயால் உயிர் விடும் ஒரு பெண்ணின் கதை அது. புச்சினி என்பார் இயற்றிய ‘மடாமா பட்டர்பிளை’ 1904-இல் மிலான் நகரில் மேடை ஏறியது. கப்பற்படை அதிகாரி ஒருவன் மணந்து கைவிட்டுப் போக, பிள்ளையுடன் அவன் வரவுக்குக் காத்திருந்து, ஈற்றில் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் நாகசாகிப் பெண்ணின் கதை இது.

இக்கதைகளைக் கேட்கும் தமிழர் எவரேனும், “இது எமக்குப் புரியவில்லை” என்று சொல்வரா? பசிக்கொடுமை தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளுக்காக அழுதவர்கள் நம் பாட்டிமார். கணவனை இழந்து நீதி கேட்ட கண்ணகிக்காகவும், சுடுகாட்டிலே மகனின் உடலோடு நின்ற சந்திரமதிக்காகவும் இரவிரவாகக் கண் விழித்தவர்கள் அவர்கள். ஒப்பரா என்னும் சொல்லுக்கும் நம் ஒப்பாரி என்னும் சொல்லுக்கும் பிறப்பிலே யாதொரு உறவும் இல்லை. ஓசையிலே மட்டும் உறவு உண்டு. ஆயினும் துயரம் மிகுந்தபோது பேச்சை விட்டுப் பாட்டை நாடும் மனித இயற்கை இரண்டுக்கும் பொதுவன்றோ? பிணத்தின் தலைமாட்டிலே அமர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், அந்நேரத்திலே அடி அடியாகக் கட்டிப் பாடுகிறாளே, அவளுக்கா துன்ப இசை எட்டாப் பொருள்?

ஆகவே துன்ப நாடகத்தை உணரும் உள்ளம் பொதுமக்களிடம் இல்லை என்பது பொய். கதவு அடைபட்டிருப்பது உள்ளத்திலன்று, வேறு இடங்களில். அவ்விடங்கள் எவை என்பதை நம் மொழியிலேயே பிறந்த ஓர் இசை நாடகம் தெளிவாகக் காட்டும். அதுதான் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

நந்தனார் கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்து, தில்லையைக் காண விரும்பி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்களைக் கழித்தமையால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றவர் அவர். பெரியபுராணத்தில் அவரைத் தடுக்கும் எசமான் எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்குகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரதியாரோ அக்கதையிலே ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்தாம் நிலத்துக்குச் சொந்தக்காரராகிய வேதியர். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போய்வர உத்தரவு கேட்டு அவன் கைகட்டி நிற்கிறான். நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல். முடியாத வேலையைச் சொல்லி முடியாது என்பதைத் தெரிவிக்கும் வித்தை அது.

இந்த ஒரு மாற்றத்தால் பாரதியார் என்ன செய்தார்? அடியார் வரலாறாக இருந்ததை ஒரு தொழிலாளியின் நாடகமாக ஆக்கினார். ஒருநாள் விடுப்புக் கேட்கும் மனிதனும், கொடுக்க மறுக்கும் மனிதனும் எதிரெதிரே நிற்கிறார்கள். பாரதியார் தாமே பிராமணர்; ஆயினும் தஞ்சைத் தரணியிலே ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்து, பண்ணையாட்களின் வாழ்வைக் கண்ணாரக் கண்டவர். அதனாலேதான் அந்தக் காட்சி உயிரோடு விளங்குகின்றது.

இன்னொன்றும் அவர் செய்தார். பண்டிதர் மட்டும் ரசிக்கும் நடையை விட்டு, சிந்து, கும்மி முதலிய நாட்டுப்புற மெட்டுக்களையும் பேச்சுவழக்குச் சொற்களையும் தாராளமாக எடுத்து ஆண்டார். உழவன் வாயில் வரும் சொல்லே நந்தன் வாயிலும் வந்தது. கேட்ட ஜனங்கள் கேட்ட அன்றே பாடத் தொடங்கினார்கள். 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த சிஸே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் உதவியால் அது அச்சேறியது.

அக்காலத்துப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவரை நாடினார். பிள்ளையவர்களோ, நூலிலே இலக்கணப் பிழைகள் மலிந்திருத்தலைக் கண்டு, கொடுக்க மனமின்றிப் பலமுறை காலம் தாழ்த்தினார். ஒருநாள் பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையிலே காத்திருந்து, தமக்குத் தாமே அக்கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். உள்ளேயிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகிப் போனார், கண் கலங்கினார், பின்னர்ச் சிறப்புப்பாயிரம் அளித்தார். இச்செய்தியைப் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார்.

கலையை எளிமையாக்கினால் அது தாழ்ந்துவிடும் என்று அஞ்சுகின்ற நண்பர்களுக்கு இந்நிகழ்ச்சியை நாம் நினைவூட்டுவோம். எளிய சொல்லும் எளிய மெட்டும் பிள்ளையவர்கள் போன்ற ஒரு கடலை அசைத்தனவே! இலக்கணம் தெரிந்தவர் அழுததும், இலக்கணம் தெரியாதவர் அழுததும் ஒரே இடத்தில். துயரத்தின் ஆழம் குறையாமல் சொல்லின் கடினத்தை மட்டும் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நற்சான்று வேண்டுவதில்லை.

நிற்க. இனி இக்கதையின் கசப்பான பகுதியைக் கூறுவோம்.

நந்தனார் சரித்திரம் பாடப்பட்ட இடங்கள் எவை? கோயில் மண்டபங்கள், செல்வர் வீட்டுக் கூடங்கள், பின்னர்ச் சபைகள். அவ்விடங்களிலே நந்தன் குலத்தார் வந்து அமர முடிந்ததா? 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதையர் முன்னின்று ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அதுவரை நிலைமை யாது? கோயில் வாயிலில் நின்று உள்ளே போக முடியாமல் தவித்த ஒரு மனிதனின் கதையை, கோயிலுக்குள்ளே அமர்ந்து சிலர் கேட்டு அழுதார்கள்; அம்மனிதனின் பேரப்பிள்ளைகளோ இன்னும் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். நந்தன் கதை நந்தனுக்கே அடைபட்டிருந்தது! இதைவிடப் பெரிய துன்ப நாடகத்தை எந்தக் கவி புனைய வல்லார்?

அக்கதவை ஓரளவு திறந்தவை நாடகக் கொட்டகையும், கிராமபோன் தட்டும், சினிமாவுமே. 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாக நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தின் ‘நந்தனார்’ வந்தது, அதில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். அரையணாக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தவனுக்கும் அந்தப் பாட்டு எட்டிற்று.

இப்பொழுது நம் ஜொகூருக்கு வருவோம். நாம் சிறுவராயிருந்த காலத்தில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலே, மாரியம்மன் திருவிழாவின்போது நந்தனார் நாடகம் நடந்தது. நடித்தவர்கள் தோட்டத்து இளைஞர்களே. ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டுமே பக்கவாத்தியம்; கேஸ் விளக்கு இரண்டு. வேதியர் வேஷம் போட்டவர் மறுநாள் காலையில் பெரட்டுக்கு நிற்போரைப் பெயர் கூப்பிட வேண்டிய மண்டோர்! நந்தன் கைகட்டி நின்று உத்தரவு கேட்கும் கட்டம் வந்தது. முன்வரிசையிலே பாய் விரித்து அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, நாற்பது ஆண்டு பால் வெட்டிய கைகளை உடையவர், திடீரென்று எழுந்து, “கேக்காதடா தம்பி! கெளம்பிப் போயிடு!” என்று கூவினார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

பிற்காலத்தில்தான் அந்தக் குரலின் பொருள் நமக்கு விளங்கிற்று. மலாயாவிலே 1910 வரையில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. அம்முறையில் உத்தரவின்றித் தோட்டத்தை விட்டுப் போவது சட்டப்படி குற்றம். ஓடிப்போனவனைப் பிடித்துத் தண்டிக்கலாம். பின்னர்க் கங்காணி முறை 1938 வரையில் நடந்தது. விடுப்புக் கேட்டு நிற்றல், நாளைக்குப் பார்ப்போம் என்று கேட்டல், மீண்டும் வேலைக்குப் போதல்: இது அம்மூதாட்டியின் பெற்றோரும் அவருடைய பெற்றோரும் பட்ட பாடு. திருநாளைப்போவார் என்னும் பெயர் அவருக்கு அடியாரின் பெயராகப் படவில்லை. தம் வீட்டு ஆளின் பெயராகப் பட்டது. பண்டிதர் உரை எழுதி விளக்க வேண்டிய இடத்தை அவர் ஒரே கூச்சலில் விளக்கிவிட்டார்.

நாடகம் முடிவுக்கு வந்தது. நந்தன் தில்லையை அடைந்தான். உள்ளே போக வழியில்லை. தீ வளர்த்தார்கள். நந்தன் தீயிற் புகுந்தான். உடனே கற்பூரம் ஏற்றப்பட்டது, மேளம் முழங்கிற்று, பூணூல் அணிந்த முனிவர் கோலத்திலே நந்தன் மீண்டும் தோன்றினான், வேதியரும் வணங்கினார், மங்களம் பாடியாயிற்று. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். லயத்துக்குத் திரும்பும் வழியிலே அதே மூதாட்டி, யாரையும் பாராமல், “நெருப்புல விழுந்தாத்தான் உள்ள விடுவாங்களாமா?” என்று கேட்டுக்கொண்டே நடந்தார். அவ்வினாவுக்கு அன்று எவரும் விடை சொல்லவில்லை. நம் கட்டுரை முழுவதும் அவ்வினாவைச் சுற்றியே நிற்கிறது.

மங்களத்திலே முடிக்க வேண்டும் என்பது நம் மேடையின் நெடுநாள் வழக்கம். அரிச்சந்திரன் எல்லாவற்றையும் இழந்தபின் தேவர்கள் வந்து மகனை எழுப்புகிறார்கள். சத்தியவான் உயிர் மீள்கிறான். இவ்வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்திலே தந்தையும் மகளும் இறந்துபடுகிறார்கள். 1681-இல் நேஹம் டேட் என்பவர் அதைத் திருத்தி, அரசன் பிழைப்பதாகவும் மகள் மணம் புரிவதாகவும் ஆக்கினார். அத்திருத்தமே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்தின் மேடையை ஆண்டது. 1838-இல் மக்ரெடி என்னும் நடிகர்தாம் மூலத்தை மீட்டார். ஒப்பராவிலும் இது நடந்தது. ரோசினியின் ‘ஒத்தெல்லோ’ 1816-இல் நேப்பிள்ஸ் நகரில் மனைவியைக் கணவன் கொல்லும் முடிவோடு நடிக்கப்பட்டது. பின்னர் ரோம் நகரத்துக்கு வந்தபோது இருவரும் ஒன்றுகூடி மகிழ்வதாக முடிவு மாற்றப்பட்டது.

“மாற்றினால் என்ன தவறு?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூறும் நியாயத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. அவர்கள் கூறுவது யாதெனின்: “விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாளெல்லாம் உழைத்து, கடனும் நோயும் கவலையுமாய்க் கிடக்கும் ஏழைக்கு வீட்டிலேயே போதுமான துன்பம் இருக்கிறது. மேடையிலும் துன்பமா? சிரிக்க வையுங்கள், இல்லையேல் கடவுள் வந்து காப்பாற்றினார் என்றாவது முடியுங்கள். அந்த ஆறுதலையும் பறிப்பது இரக்கமற்ற செயல்.” இவ்வாதத்திலே அன்பு இருக்கிறது, அதனாலேயே விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிரிப்பு வேண்டும் என்பதில் நமக்குத் தடையில்லை. நாளெல்லாம் உழைத்தவன் சிரிக்க உரிமை உடையவன். ஆனால், அழும் நாடகத்தைப் பார்க்க வந்தவனுக்குச் சிரிப்பு முடிவைக் கொடுப்பது வேறு. அவனுடைய துயரம் உண்மையானதன்று, பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனிடம் சொல்வதாகும் அது. இழவு வீட்டுக்குச் சென்று, “சாகவில்லை, எழுந்துவிடுவார்” என்று எவராவது தேற்றுவாரா? கூட அமர்ந்து அழுவதே நம் மரபின் தேற்றுதல். துன்ப நாடகம் அவ்வாறு கூட அமர்ந்து அழுவது. “உன் துயரம் பெரியது, அதற்கு ஒரு பாட்டு உண்டு, நீ தனியாய் இல்லை” என்று அது கூறுகிறது. அந்த ஆறுதலை மங்களத்தால் கொடுக்க இயலாது.

மேலும் ஒன்று. மங்கள முடிவினால் ஆறுதல் பெறுகிறவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உத்தரவு கேட்டு நிற்பவனா? உத்தரவு கொடுக்க மறுப்பவனா? நந்தன் தீயிலிருந்து எழுந்துவிட்டான், வேதியரும் வணங்கிவிட்டார் என்று கதை முடியும்போது, சபையிலே அமர்ந்திருந்த நிலச்சுவான்தாரின் நெஞ்சு லேசாகிறது. கணக்குத் தீர்ந்துவிட்டது; கண்ணீரும் விட்டாயிற்று; இனி வீட்டுக்குப் போகலாம். வாயிலில் நிற்கும் தன் பண்ணையாளுக்கு அவர் செய்யவேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. ஏழைக்கு ஆறுதல் என்னும் பெயரால் நாம் பல சமயங்களில் செல்வரின் மனச்சாட்சிக்கே தாலாட்டுப் பாடுகிறோம்.

இத்தாலியிலும் இது வேறு உருவில் நடந்தது. ‘லா டிராவியாட்டா’வைத் தம் காலத்துக் கதையாக, தம் காலத்து உடையிலே நடிக்க வேண்டுமென்று வெர்தி விரும்பினார். வெனிஸ் அதிகாரிகள் அதற்கு இணங்கவில்லை. கதையை 1700-ஆம் ஆண்டளவில் நடந்ததாக்கி நடிக்கச் செய்தார்கள். ஏன்? கண்ணெதிரே இருக்கும் பெண்ணுக்காக அழுதால், அழுதவன் வெளியே வந்து அவளைப் பார்க்க நேரும். நூற்றைம்பது ஆண்டுக்கு முற்பட்ட பெண்ணுக்காக அழுதால் அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் பாரதியாரின் நூலை வெட்டித் திருத்த வேண்டும் என்கிறோமா? இல்லை. நந்தனாரை நாயனாராகத் தொழுவோர் தொழட்டும். அது அவரவர் சமயம். நாம் கேட்பது ஒன்றே. நடிக்கும்போது தீயைத் தீயாகவே நடியுங்கள். கற்பூரத்தையும் மேளத்தையும் கொண்டு அதை மறைத்துவிடாதீர்கள். நந்தன் தீயை நோக்கி நிற்கும் அந்த நேரம் மேடையிலே நேரமாகவே கழியட்டும். சபையும் அவனோடு அந்தச் சூட்டிலே நிற்கட்டும். மூதாட்டி கேட்ட வினா ஒவ்வொருவர் நாவிலும் எழுந்த பின்பு மங்களம் வரட்டும். நூலிலே துன்பம் இருக்கத்தான் இருக்கிறது. நாம்தாம் அவசரமாக அதைத் தாண்டிப் போகிறோம்.

வேறு முடிவு வேண்டும் என்று எண்ணுவோர்க்கு நேர்மையான வழி ஒன்றும் உண்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதைக் காட்டினார். நந்தனாரைப் போலவே காலட்சேபமாக ‘கிந்தனார்’ என்னும் கதையைப் பாடினார். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் அது இடம் பெற்றது. ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன் சிதம்பரத்துக்குப் போகவில்லை; ரயிலேறிச் சென்னைப் பட்டணத்துக்குப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். இது நந்தன் கதையின் முடிவை மழுப்பியதன்று. வேறு பெயர் வைத்து, வேறு காலத்தைக் காட்டி, “தீயைத் தவிர வேறு வழியும் உண்டு” என்று வெளிப்படையாகச் சொன்ன புதுக்கதை. பழைய துன்பத்தைப் பொய்யாக்காமல் புதிய நம்பிக்கையைப் பாடலாம் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே நம் முடிபு இது: முடிவைத் தொடாதீர்கள், கதவுகளை எல்லாம் திறந்துவிடுங்கள். கதவுகள் எவை?

முதலாவது, மொழி. 1983-இல் கனடாவின் டொரான்டோ நகரத்து ஒப்பராக் கழகத்தார் ‘எலெக்ட்ரா’ என்னும் ஒப்பராவை நடத்தியபோது, பாட்டின் பொருளை மேடைக்கு மேலே எழுத்தாகக் காட்டினார்கள். பாட்டிலே ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆயினும் அதுவரை பொருள் தெரியாது அமர்ந்திருந்தவர்க்கு எல்லாம் விளங்கிற்று. அவ்வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் மேடைகளிலும் ராகத்திலே சொல் மூழ்கிப்போகும்போது, பொருளைத் தெளிந்த தமிழில் திரையிற் காட்டுவது கடினமான காரியமா? பக்கத்து வீட்டு மலாய் நண்பரும் சீன நண்பரும் உடன் வந்தால், அவர்களுக்கென மலாயிலும் இரண்டு வரி காட்டலாம்.

இரண்டாவது, நேரம். விடிய விடிய நடந்த கூத்துக்களை இலங்கையிலே பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்து மேடைக்காகச் சுருக்கி அமைத்தார். கர்ணனும் இராவணனும் சுருங்கிய நேரத்திலே வீழ்ந்தார்கள். ஆயினும் அவர்கள் வீழ்ச்சி சிறுத்துப் போகவில்லை. ஆடலும் பாடலும் முடிவும் நிலைத்தன; திரும்பத் திரும்ப வருவன குறைந்தன. இன்று நம்மவரிற் பலர் தோட்டத்தை விட்டு மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய்ப் பக்கங்களிலே குடியேறியவர்கள்; விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் ஓர் இரவு முழுவதையும் கேட்பது நியாயமன்று. இரண்டு மணி நேரம் கேட்கலாம்.

மூன்றாவது, இடமும் காசும். நம் சீனச் சகோதரர்களைப் பாருங்கள். அவர்களுடைய கோயில் விழாக்களில் தெருவோரத்திலே மேடை கட்டி இசை நாடகம் ஆடுகிறார்கள். கட்டணமில்லை, வாயிற்காப்போன் இல்லை. சைக்கிளில் வந்தவனும் நின்று பார்க்கலாம். அந்நாடகத்தை எவரும் தாழ்ந்த கலை என்று சொல்வதில்லை. ஜொகூரில் இன்று தைப்பூசம் பொது விடுமுறை. உத்தரவு கேட்டு நின்ற நந்தனின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் எசமானின் தயவின்றிக் கிடைத்திருக்கிறது. அத்தகைய நாட்களில் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் கோயில் வெளியிலும் நந்தனாரை நடிக்கலாம். ஆனால் முன்வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்கு ஒதுக்கிவிட்டு, நந்தன் கதையை நடத்தாதீர்கள்! அது கதைக்கே விரோதம்.

நான்காவது கதவுதான் பெரியது. எவர் கதையோ அவர் மேடையில் ஏற வேண்டும். நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் லயங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. கோயிற் காரியங்களில் சிலர் முன்னும் சிலர் பின்னும் நின்றார்கள். அந்நினைவை மறைத்துக்கொண்டு நந்தனாரைப் பாடுவதிற் பயனில்லை. பின்னால் நிறுத்தப்பட்டவரின் பிள்ளை முன்னே வந்து நந்தனாக நிற்கட்டும், வேதியராகவும் நிற்கட்டும். வேதியர் வேஷம் போட்ட அந்த மண்டோர், மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தினாரோ, இல்லையோ, நாம் அறியோம். தாழ்த்தியிருந்தால் அந்நாடகம் தன் வேலையைச் செய்தது என்போம்.

டாங்கா பே கரையிலுள்ள அரங்கமானாலும், தோட்டத்துக் கோயில் முற்றமானாலும், துன்ப நாடகத்துக்கு வேண்டுவது அதைத் தன் கதையாக உணரும் சபை. அச்சபை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அதை உள்ளே அழைக்க வேண்டும். அழைத்தபின், நெருப்பில் விழுந்தால்தான் உள்ளே விடுவார்களா என்று அது கேட்கும்போது, மேளத்தைத் தட்டி அடக்காமல் விடை சொல்ல முன்வர வேண்டும்.